‘மாட்டேன்’ என்று சொன்ன நாள்

“நீங்கள் என் இடத்தில் இருந்தால் எழுதிக் கொடுப்பீர்களா, அக்கா?”

அதுவரை மேடம் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்றதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. “மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஜூலையில் நடந்தது இது. அந்த ஒரு சொல்லை எத்தனை முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில், இரவில் பாத்திரம் கழுவும்போது, வேறு ஏதோ கோப்பைப் புரட்டும்போது. சொன்னது உண்மை. உண்மையைச் சொல்ல அது நேரமா என்பதில்தான் தடுமாறுகிறேன்.

எங்கள் கார்மென்ட்ஸ் யூனிட்டில், வேலையிடப் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் விசாகா கமிட்டியில் நான் உறுப்பினர். தலைவர் கன்னடக்காரர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்து தைக்கும் பெண்கள் வாய் திறந்தால் என்னிடம்தான் அனுப்புவார். இவளையும் அப்படித்தான் சாப்பாட்டு இடைவேளையில் அனுப்பினார். நூல் வெட்டும் கத்தரியை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கழற்றத் தோன்றாமல் அப்படியே வந்துவிட்டாள். இடது ஆள்காட்டி விரல் நகத்தில் எப்போதோ ஊசி ஏறிய கறுப்புத் தழும்பு. காலர் தையலைப் பார்க்கும் சாக்கில் சூப்பர்வைசர் குனிந்து தோளில் கை வைக்கிறார். விலகி உட்கார்ந்தால் அன்றைக்கு இவளுடைய டார்கெட் ஏறுகிறது. மூன்று வாரமாக இதுதான் நிலைமை. கூடத் தைக்கும் பேட்ச் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள் என்பதையும் அவளே சொன்னாள். அவர்கள் மீது கோபம்கூட இல்லை.

காகிதமும் பேனாவும் கொடுத்தேன். தேதி போட்டாள். ‘மதிப்பிற்குரிய’ என்று எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு, அந்தச் சிறிய கத்தரியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி.

சட்டம் எனக்கு மனப்பாடம். வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது கமிட்டியின் கடமை. அதாவது என் கடமை. அந்தக் கடமைக்காக உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்துதான் ‘மாட்டேன்’ என்றேன்.

ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. 2001இல் வேறொரு ஏற்றுமதி நிறுவனத்தில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். அங்கே ஒரு மேலாளர். விவரம் வேண்டாம். ஆறே மாதத்தில் வேலையை விட்டேன். பஸ் வசதி இல்லை என்று வீட்டில் சொன்னேன். அம்மா இறக்கும்வரை அதைத்தான் நம்பியிருந்தார். இப்படிப்பட்ட கமிட்டிகள் வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்து அப்போதே நான்கு வருடம் ஆகியிருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான், எதிரில் உட்கார்ந்து நடுங்குகிறவளிடம் ‘நானாக இருந்தால் கண்டிப்பாக எழுதுவேன்’ என்று எப்படிச் சொல்வது? அவளுடைய வேலையைப் பணயம் வைத்து நான் வீரம் பேசுவதாகாதா?

இதையே கமிட்டியில் வெளி உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அந்தப் பெண் உங்களிடம் கேட்டது துணை. நீங்கள் உங்கள் கதையைக் கொடுத்துவிட்டீர்கள்” என்றார். அவரிடம் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் முழுவதும் போகவில்லை. அவர் சொன்னது சரி என்பதும் தெரிகிறது.

அவள் காகிதத்தை நான்காக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டாள். “வாயால் சொல்லி சூப்பர்வைசரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், போதும்” என்றாள். சொன்னோம். அவரை மேல் தளத்துக்கு மாற்றினார்கள். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அவள் அதே மெஷினில் இன்றும் காலர் தைக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். அன்றைக்கு எழுதியிருந்தால் தொண்ணூறு நாள் விசாரணை, பேட்ச் முழுவதும் முகம் திருப்பியிருக்கும், வீட்டுக்காரர் வேலைக்குப் போகாதே என்றிருப்பார். ஆகவே நான் சொன்னதுதான் நல்லது. இப்படித்தான் ஆறு மாதம் தூங்கினேன்.

சென்ற மாதம் என் மகள், கல்லூரிப் பட்டிமன்றத்துக்குக் குறிப்புக் கேட்டாள். இன்றைய பெண்ணியத்தால் இனி வெல்ல முடியுமா, முடியாதா. இவள் ‘முடியும்’ அணி. 1997 விசாகா தீர்ப்பு, 2013 சட்டம், 2017இல் இருபத்தாறு வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பு, 2018இல் இங்கேயும் பரவிய மீ டூ என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரியான குறிப்புகள். சொல்லச் சொல்ல எனக்கு பன்வாரி தேவி நினைவுக்கு வந்தார். ராஜஸ்தானில் கிராமப் பெண்களுக்கான அரசுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1992இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவருக்கு நேர்ந்ததிலிருந்துதான் விசாகா வழக்கு பிறந்தது. 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. ஒவ்வொரு வருடப் பயிற்சியிலும் அவர் பெயரைச் சொல்கிறேன். 1995ஐச் சொல்லாமல் 1997க்குத் தாவிவிடுவேன். கேட்கிறவர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்று. மகளிடமும் அப்படியே தாவினேன்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்ல விட்டுவிட்டேன். அதை எனக்குச் சொன்னவள் காலர் தைக்கும் அந்தப் பெண்தான். ஒருநாள் டீ இடைவேளையில் 2016 பற்றிப் பேச்சு வந்தது. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு அந்த வருடம் விதி கொண்டுவந்தது. கார்மென்ட்ஸ் பெண்களுக்கு அந்தப் பணம்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அடகு நகையை மீட்கும் வழி. ஏப்ரல் 18, 19 இரண்டு நாளும் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். ஓசூர் சாலை நின்றுபோனது. தடியடியும் நடந்தது. இரண்டாம் நாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அப்போது பொம்மனஹள்ளியில் வேலை பார்த்த அவளும் போயிருக்கிறாள். “யாரும் எதுவும் எழுதவில்லை அக்கா. ஒரு லைன் எழுந்தது, பின்னாலேயே அடுத்த லைன் எழுந்தது” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாலையை மறித்தவள், தடியடிக்கு நடுவில் நின்றவள், ஒரு வெள்ளைக் காகிதத்தின் முன்னால் ‘மதிப்பிற்குரிய’வுக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டாள். அவளுக்குத் துணிச்சல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? நாங்கள் கட்டியிருக்கும் ஏற்பாடு ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டுத் தனியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து மெஷின்காரி எழுந்து நிற்காதவரை பெண்ணியம் பயிற்சி வகுப்பில்தான் வெல்லும் என்று தோன்றுகிறது. உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: இப்படிப் பெரிதாக யோசித்து, நான் சொன்ன அந்த ஒரு சொல்லை அதற்குள் ஒளித்துவைக்கிறேனோ? அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து மெஷின்காரி நான்தானே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மேல் தளத்தில் பத்தொன்பது வயதில் ஒரு ஹெல்பர் பெண் இருந்தாள். இந்த ஜனவரி கடைசி வாரத்தில் நின்றுவிட்டாள். சம்பளப் பாக்கி வாங்கக்கூட வரவில்லை. படிவத்தில் காரணம் ‘சொந்த ஊர்’ என்று வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அந்தத் தளத்தில்தான் அந்த சூப்பர்வைசர் இருக்கிறார். அதனால்தான் போனாள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. போன வருடம் நடந்ததற்கும் எங்கள் கோப்பில் ஒரு வரி கிடையாது. ஏனென்றால் யாரும் எழுதவில்லை. ஏனென்றால் நான் மாட்டேன் என்றேன்.

புகார் கொடுக்கச் சட்டம் தருவது மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஜனவரியில் ஏதேனும் நடந்திருந்தால் ஜூலை கடைசிவரை கணக்கு வருகிறது. இன்று ஜூன் 9. அந்தப் பெண்ணின் எண் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு சீட்டில் எழுதி எடுத்துவந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் அவள் முதலில் என்ன கேட்பாள் என்று தெரியும். அதற்கு இந்த முறை என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.