‘டேபிள்’ என்றொரு சொல்

ஆங்கிலத்தில் ‘டேபிள்’ என்றால் மேசை என்று அனைவரும் அறிவோம். ஆனால் அதுவே வினைச்சொல்லாகும்போது அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நேரெதிர்ப் பொருள் தருகிறது. ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் அதை விவாதத்துக்கு முன்வைப்பதாகும். அமெரிக்காவிலோ அதை ஒத்திப்போடுவதாகும். காகிதத்தை மேசைமேல் எடுத்து வைப்பதும், மேசையிலேயே கிடக்க விடுவதும் எத்தனை வேறானவை!

இரண்டாம் உலகப் போரின்போது, இரு நாட்டுப் படைத் தலைமையினரும் ஒரு விஷயத்தை உடனே பேசிவிட வேண்டும் என்றே விரும்பியிருந்தும், இந்தச் சொல்லால் அவர்களிடையே நீண்ட வாக்குவாதம் மூண்டதைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார்.

நம் நாடாளுமன்றச் செய்திகளில் இச்சொல் பிரிட்டிஷ் பொருளிலேயே வழங்குகிறது. ஆகவே, அமெரிக்கர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் நம் இளைஞர்கள் இங்கே மிகுந்த கவனம் கொள்ள வேண்டுமென விரும்புகிறேன்.