பாலிக் புலாவில் வெஸ்டாவின் ஒளியை அளந்த இரவுகள்

ஏப்ரல் 19, 2025, சனி

வெஸ்டா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்துவிட்டோம். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனி கிழக்குப் பார்த்தது. எதிரே ஜார்ஜ் டவுனின் விளக்குகள் வானத்தையே வெளுக்க வைத்துவிடும். அப்படியிருந்தும் வியாழன் இரவும் இன்றும் ஒரே இடத்தைப் படமெடுத்து, இரண்டு படங்களையும் கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். துலாம் ராசியில், விசாகத்தின் பக்கமாக, மற்ற புள்ளிகளெல்லாம் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் தாவியது. எனக்கு முன்பே அக்காள் மகன் திரையில் விரலை வைத்துவிட்டான். "மாமா, இதுதான் நகர்கிறது!" இரண்டே நாளில் ஏறக்குறைய நிலவின் அகலம் நகர்ந்திருக்கிறது.

1801 ஜனவரி முதல் நாள் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாஸி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டதும் இப்படித்தான். நட்சத்திரம் என்று குறித்துவைத்த ஒன்று அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறியிருந்தது. வெஸ்டாவை 1807இல் ஓல்பர்ஸ் கண்டார். அதன் குறுக்களவு சுமார் 525 கிலோமீட்டர்.

ஆனால் நான் தேடுவது அதன் இடத்தை அல்ல, ஒளியை. வெஸ்டா தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 5 மணி 20 நிமிடம் ஆகிறது. சுற்றும்போது வெளிச்சம் சுமார் பத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தை என் பழைய கேமராவும் 135 மில்லிமீட்டர் லென்சும் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். மே 2 அன்று அது சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. அதை ஒட்டிய இரவுகளே ஏற்றவை.

ஏப்ரல் 26, சனி

தீவின் மறுபக்கம், பாலிக் புலாவில் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நடுவிலுள்ள மலைகள் நகரத்து வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. ஜாதிக்காய் மரங்களைத் தாண்டி ஒரு சிமெண்ட் தரை இருக்கிறது. முக்காலியை அங்கே நிறுத்தினேன்.

வானம் இருட்டும்வரை தென்மேற்கில் தாழ்வாக நின்ற அகத்திய நட்சத்திரத்தைப் பையனுக்குக் காட்டினேன். அதன் அருகே மங்கலாகத் தெரிவது பீட்டா பிக்டோரிஸ், 63 ஒளியாண்டு தொலைவு. அதைச் சுற்றித் தூசித் தட்டு ஒன்று இருப்பதை 1984இல் படம் பிடித்துக் காட்டினார்கள். பின்னர் அதற்குள் இரண்டு கோள்களும் தெரியவந்தன. அந்த நட்சத்திரத்துக்கு வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள்தான். நம் சூரியக் குடும்பம் கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நட்சத்திரத்தைத்தான்.

வேலை சுலபமாக இல்லை. வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் கருவியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். பினாங்கில் அது தொடுவானத்துக்கு மேல் ஐந்து பாகை உயரத்தில்தான் நிற்கும்; அந்தத் திசையில் ரம்புத்தான் மரம் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. திசைகாட்டியை வைத்து அச்சை நிறுத்தி, நட்சத்திரம் படத்தில் எந்தப் பக்கம் வழுகுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

பத்து மணியிலிருந்து பன்னிரண்டுவரை எடுத்த படங்களில் வெஸ்டாவின் ஒளி அழகாக ஏறியது. நெஞ்சு படபடத்தது. பிறகு, ஒளி மாறாத ஒரு நட்சத்திரத்தைச் சோதனைக்காக அதே முறையில் அளந்தேன். அதுவும் ஏறியிருந்தது! லென்சில் டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பனி படர்ந்திருக்கிறது. ஒப்பிட நான் எடுத்துக்கொண்ட நட்சத்திரம் படத்தின் ஓரத்தில் இருந்ததால் அது மங்க, நடுவில் இருந்தவை எல்லாம் ஏறியதுபோல் தெரிந்திருக்கின்றன. அந்த இரவின் அளவுகள் முழுவதையும் அழித்தேன்.

மே 3, சனி

இந்த முறை லென்சைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை. வெஸ்டாவுக்கு அருகிலேயே, சூரியனின் நிறத்துக்கு நெருங்கிய நிறமுள்ள மூன்று நட்சத்திரங்களை ஒப்பிட எடுத்துக்கொண்டேன். வெஸ்டா நமக்கு அனுப்புவது சூரிய ஒளிதானே. குவியத்தைச் சற்றுக் கலைத்து ஒவ்வொரு புள்ளியையும் சிறு வட்டாக்கினேன். லென்சின் ஓரங்கள் இயல்பாகவே மங்கலாக இருப்பதைக் கணக்கில் கழிக்க, அந்தி வெளிச்சத்தில் லென்சின் மேல் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியை மடிப்பில்லாமல் இழுத்துப் பிடித்து இருபது படங்கள் எடுத்தோம். வேட்டியின் ஒரு முனை பையன் கையில், மறுமுனை பெரியம்மா கையில்.

இரவு 9.40 முதல் விடியற்காலை 4 மணிவரை வானம் விட்டுக்கொடுத்தது. நிலவு ஒரு மணி சுமாருக்கு மறைந்தது. ஒன்றேகால் மணி சுமாருக்கு வெஸ்டா கிட்டத்தட்ட தலைக்கு மேல் நின்றது. பூமத்தியரேகைக்கு அருகில் வாழ்வதன் பேறு அது.

பத்து நிமிட அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து வரைந்தேன். 10.20க்கு ஒரு தாழ்வு, ஒரு மணிக்கு ஒரு மேடு, 3.40க்கு மறுபடி தாழ்வு. சோதனை நட்சத்திரத்தின் கோடு மட்டமாகக் கிடந்தது.

மேடு ஒன்றுதான் என்பதில் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. பெரும்பாலான சிறுகோள்கள் உருளைக்கிழங்குபோல் நீண்டிருப்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு மேடுகள் தரும். அந்த வளைவுகளிலிருந்தே வானியலாளர்கள் அவற்றின் வடிவத்தைக் கணக்கிடுகிறார்கள். சில நூறு மீட்டருக்கு மேற்பட்டவை 2.2 மணி நேரத்தைவிட வேகமாகச் சுற்றுவது மிக அரிது என்பதும் அப்படித்தான் தெரியவந்தது: அவற்றுள் பல, கற்கள் தளர்வாகச் சேர்ந்த குவியல்கள், இன்னும் வேகமாகச் சுற்றினால் சிதறிவிடும். வெஸ்டா ஏறக்குறைய உருண்டை. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பளிச்சென்று இருப்பதால்தான் ஒளி மாறுகிறது. இதனாலேயே சுற்றுக்காலம் 5 மணி 20 நிமிடமா, அதைப்போல் இரு மடங்கா என்று ஒரு காலத்தில் ஐயம் இருந்தது.

2011 முதல் 2012 வரை நாசாவின் டான் விண்கலம் அதைச் சுற்றிவந்து அந்த மேற்பரப்பை அருகிலிருந்தே காட்டியது. சூரியக் குடும்பம் பிறந்த முதல் சில மில்லியன் ஆண்டுகளுக்குள், அலுமினியத்தின் கதிரியக்க வடிவமான அலுமினியம்-26இன் வெப்பத்தில் வெஸ்டா உருகியது. இரும்பு உள்ளே இறங்கிக் கருவாயிற்று, எரிமலைப் பாறை மேலோடாயிற்று. கோளாவதற்கான வழியில் அவ்வளவு தூரம் போனது. வியாழனின் ஈர்ப்பு அந்தப் பகுதியைக் கலக்கிவிட்டதால் அங்கே பெரிய கோள் எதுவும் உருவாகவில்லை; இன்று சிறுகோள் பட்டை முழுவதையும் திரட்டினாலும் நிலவின் நிறையில் மூன்று விழுக்காடுதான் தேறும். வெஸ்டாவின் நிறமாலை ஒரு வகை விண்கற்களோடு பொருந்துவதை 1970இல் கண்டார்கள். 1850இல் வங்காளத்தின் ஷால்காவில் விழுந்த கல்லும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் அதன் துண்டு நம் பக்கமே வந்திருக்கிறதா மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மே 4, ஞாயிறு

மறுநாள் வேலை இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. 24 மணி நேரத்தில் வெஸ்டா ஏறக்குறைய நாலரைச் சுற்றுச் சுற்றும். அப்படியானால் நேற்று மேடு வந்த ஒரு மணிக்கு இன்று தாழ்வு வர வேண்டும். அதைத் தாளில் எழுதிப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மாலையெல்லாம் இடியும் மழையும். 11.15க்குத்தான் வானம் திறந்தது, 2.30 மணிக்கு மறுபடி மூடிவிட்டது.

இருந்த மூன்றேகால் மணி நேரத்தில் ஒளி இறங்கி, 12.50க்கும் 1.10க்கும் இடையில் அடியைத் தொட்டு, மறுபடி ஏறியது.