ஒன்பதரை மணி

பக்கத்துத் தெரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் மகள் சட்டென்று எழுந்து நின்றாள். கையில் பாதி இட்லி.

அப்புறம் ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

பள்ளியை விட்டு நின்று மூன்று மாதம் ஆகிறது. கால்களுக்கு இன்னும் தெரியவில்லை.

அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் வாசிக்கும் முறை வந்தால் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். யாரும் திட்டவில்லை. தாண்டினார்கள், அவ்வளவுதான்.

'மீன் விக்கவா போறா?' என்றார் என் மாமியார். வீட்டிலிருந்தே படிக்கும் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கே சில ராத்திரிகளில் நம்பிக்கை ஆடும்.

இன்று பாம்பனுக்குக் கூட்டிப் போனேன். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலம், கப்பல் போக, இரண்டு கைகளாகப் பிரிந்து திறந்தது. 2025இல் வந்த புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே லிஃப்ட் போல மேலே ஏறும். நோட்டில் இரண்டையும் வரைந்தாள். கூடை இறக்கிய ஆச்சி எட்டிப் பார்த்ததில், தாளில் ஒரு மீன்செதிள் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க விடவில்லை.

ஆச்சிக்கு முழுவதையும் விளக்கினாள். திக்கித் திக்கித்தான். ஆச்சி ஈ விரட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அம்மா, இன்னைக்கு சத்துணவுல முட்டை போட்டிருப்பாங்கல்ல?"

வீட்டுக்கு வந்ததும் இரண்டு அவித்தேன்.