வல்டாவா ஆற்றின் மேல் நம் சவேரியார்

பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்துக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். பகலில் கூட்டம் நெரியும், நின்று செபம் சொல்ல முடியாது. நானும் அம்மாவும் கோட்டைப் பக்கமிருந்து நடக்கத் தொடங்கியபோது வல்டாவா ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை.

முன்பு இருந்த பாலத்தை 1342-இல் வெள்ளம் கொண்டுபோய்விட்டதால், நான்காம் சார்லஸ் அரசர் 1357-இல் அடிக்கல் வைத்த பாலம் இது. நீளம் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரு பக்கச் சுவரிலும் சேர்த்து 30 சுரூபங்கள், பெரும்பாலும் புனிதர்களின் சிலைகள். அம்மா யூதா ததேயுவைப் பார்த்ததும் சிலுவை அடையாளம் போட்டார்கள். அந்தோனியாரிடம் சற்று நேரம் நின்றார்கள்.

அவருக்கு அடுத்தவர் நெபோமுக் யோவான். இங்குள்ள சுரூபங்களில் மூத்தது இவருடையதுதான். 1683-இல் வைத்த வெண்கலம். தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்கள். 1393-இல் அரசன் நான்காம் வென்செஸ்லாஸ் இந்தக் குருவானவரை ஆற்றில் தள்ளச் செய்தான். அரசி பாவசங்கீர்த்தனத்தில் தம்மிடம் அறிக்கையிட்ட பாவங்களை வெளியிட மறுத்ததுதான் காரணம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பீடத்தில் இருக்கும் வெண்கலத் தகட்டைக் குனிந்து பார்த்தேன். தகடு முழுக்கக் கறுத்திருக்க, ஆற்றில் விழுகிற அவருடைய சின்ன உருவம் மட்டும் பொன்னாக மின்னியது. அத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள். அம்மாவும் தொட்டு, விரலை முத்தமிட்டார்கள்.

அப்புறம் வலது பக்கத்தில் அந்தச் சுரூபம். பல நாட்டு மனிதர்கள் பீடத்தைத் தாங்க, ஓர் இளவரசன் ஞானஸ்நானத்துக்காக மண்டியிட்டிருக்க, மேலே ஒரு துறவி.

"அம்மா, இது நம்ம சவேரியார்."

"நம்ம சவேரியாராய்யா? இவ்வளவு தூரத்திலயா?"

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாட்டுக்காரர்கள். கடலைப் பார்த்த பாறைக் குகையில் அவர் தங்கிச் செபித்ததைக் கேட்டே வளர்ந்தவர்கள். 1542-இல் எங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த ஐரோப்பியக் குருவானவர் அவர், தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். நம் மொழியில் நம் வாய் செபிக்க வேண்டும் என்று நினைத்தாரே!

1711-இல் பிரோக்கோஃப் என்ற சிற்பி செய்த மூலச் சுரூபம் 1890 வெள்ளத்தில் ஆற்றோடு போனது. பிறகு எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். பாலத்தில் நிற்பது அதைப் பார்த்துச் செய்தது. அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்யா, அவர்தானே" என்று கைகூப்பினார்கள்.

சரி, மனதுக்குள் செபிப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று, ஊரில் சொல்கிற அதே ராகத்தில், வாய்விட்டே தொடங்கினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கேமராவோடு நின்ற ஒருவர் அதைத் தாழ்த்தி, ஒதுங்கி வழிவிட்டார்.

செபம் முடிந்தும் அம்மா நகரவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேராகச் சவேரியாரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்த தம்பியின் பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள்.