கட்டுபடிக் காட்டின் மூலப்பதிவைத் தேடி எடுத்த கதை

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் பூர்வீக மானாவாரி நிலத்தை ஊரார் இன்றும் ‘கட்டுபடிக் காடு’ என்றே சொல்கிறார்கள். பாகப்பிரிவினையின்போது மூல ஆவணம் கேட்டார்கள். எங்களிடமோ, வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட ‘இனாம்’ நிலங்களுக்கான 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டப்படி கிடைத்த ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாக நிலவரி செலுத்துபவருக்கான பட்டா) மட்டுமே இருந்தது. ஓர் அலுவலகத்தில், கட்டுபடி என்றொரு இனாம் வகையே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் என்னை மிகவும் புண்படுத்தியது.

ஆயுதம் ஏந்திப் பாதைகளைக் காத்து, அழைத்தபோது படையோடு சேரும் சேவகர்களுக்கு, ரொக்கச் சம்பளத்துக்கு ஈடாகக் குறைந்த தீர்வையில் விடப்பட்ட நிலமே கட்டுபடி. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிய பிறகு அந்தச் சேவைக்குத் தேவை குறைந்தது. நிலம் மட்டும் வாரிசுகளின் அனுபவத்தில் தொடர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் ஏற்படுத்தப்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து, சேவை இனி வேண்டாத இடங்களில் ‘ஜோடி’ என்னும் நிலையான வரியை விதித்து, கடமையை நீக்கி, உரிமைச் சாசனம் வழங்கியது. அந்த விசாரணையின் முடிவுகள்தாம் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்னும் பதிவேட்டில் இருக்கின்றன.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதைத் தேடியபோது முதலில் இடறியது மாவட்டப் பெயர். எங்கள் ஊர் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும், 1965-க்கு முன் சேலத்திலும் இருந்ததால், சேலம் மாவட்டத் தொகுதிகளைத்தான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த தடை எண்கள். ரிஜிஸ்டரில் இருப்பவை சர்வேக்கு முந்தைய பழைய நில அளவையான பைமாஷின் எண்கள்; நம் பட்டாவிலோ பிற்காலச் சர்வே எண்கள். நிலவரியை நிர்ணயித்தபோது எழுதப்பட்ட பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே குறித்திருந்த உரிமைச் சாசன எண்தான் இரண்டையும் இணைத்தது. இந்த வழியில் தேடுகிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் பிடித்துவிடுங்கள். பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.

ஓரங்கள் பொடிந்த அகன்ற தாளில், பழுப்பேறிய மையில், என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் ஆங்கிலத்தில் ஒரே வரிசையில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. இனாமின் தன்மையைச் சொல்லும் கட்டத்தில் கட்டுபடிச் சேவை என்றும், கடைசிக் கட்டத்தில் ஜோடி விதித்து விடுவிக்கும் உத்தரவும் இருந்தன. யாரோ இரங்கிக் கொடுத்த மானியம் என்று நான் நினைத்திருந்த நிலம், அவர்கள் காவல் நின்று ஈட்டிய கூலி என்பது அங்கே தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்தேன். பாகப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் இப்போது அந்தச் சாசன எண்ணும் சேர்ந்திருக்கிறது.