கொலோவ்ராட்டிலிருந்து மத்தயூர் வரை: ரோம்மெல் பதக்கம் வென்ற மலைமுகடு

ஜெர்மன் அதிகாரி எர்வின் ரோம்மெல்லுக்கு 1917 டிசம்பரில் பிரஷியாவின் உயரிய போர்ப் பதக்கமான ‘பூர் ல மெரீட்’டை வாங்கிக் கொடுத்த மலைமுகடு, இன்று ஸ்லோவேனியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே எல்லையாக ஓடுகிறது. அவரைப் பாலைவனத்து டாங்கிப் படைத் தளபதியாக மட்டும் அறிந்தவர்கள் இங்கே ஒரு முழுப் பகல் நடக்க வேண்டும். முதல் உலகப் போரில், 1917 அக்டோபரில் இங்கே இத்தாலியரோடு மோதியபோது அவருக்கு வயது 25. ஒபர்லூட்னன்ட், அதாவது லெப்டினன்ட் நிலை. வூர்ட்டம்பெர்க் மலைப் பட்டாலியனில் சில கம்பெனிகளை நடத்தியவர். டாங்கி கிடையாது, விமானம் கிடையாது. தோளில் சுமந்த கனரக இயந்திரத் துப்பாக்கிகளும் கால்களும்தான்.

நடையை எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மத்தயூர் உச்சிதான் புகழ்பெற்றது என்று நேரே அங்கே ஏறினால் அழகான காட்சி கிடைக்கும், போர் புரியாது. கிழக்கிலிருந்து மேற்காக, கொலோவ்ராட்டில் தொடங்கி லிவெக் கணவாயில் இறங்கி, மறுபடி மத்தயூருக்கு ஏற வேண்டும். ஜெர்மானியர் போன திசை அதுவே.

தங்குவதற்கு கோபரிட் ஊர் வசதி. இத்தாலிய மொழியில் கபோரெட்டோ. 12-ஆம் இசோன்ஸோ போர் (சோச்சா ஆற்றுக்கு இத்தாலியர் வைத்த பெயர் இசோன்ஸோ) உலகுக்கு இந்தப் பெயரில்தான் தெரியும். ரயிலில் வருபவர்கள் மோஸ்ட் ந சோச்சி நிலையத்தில் இறங்கி, தொல்மின் வழியாகப் பேருந்தில் வரலாம். வார இறுதியில் பேருந்துகள் குறையும். முகட்டுக்கு ஏற பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கார் அல்லது டாக்சிதான் நிச்சயம். கோபரிட் அருங்காட்சியகத்தை நடைக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். 1990-இல் திறந்து, 1993-இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியக விருது பெற்றது. அங்குள்ள நில மாதிரியில் முகடுகளின் வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் மறுநாள் மேலே குழம்ப மாட்டீர்கள்.

குழப்பத்துக்குப் பெயர்களும் காரணம். மத்தயூர் போகும் வழியில் ஒரு மிர்ஸ்லி உண்டு. ரோம்மெல்லின் குறிப்பில் அது 1356 மீட்டர் குன்று. தொல்மினுக்கு மேலே, சோச்சா ஆற்றின் மறுகரையில் இன்னொரு மிர்ஸ்லி இருக்கிறது. உயரமும் ஏறத்தாழ அதேதான், அங்கேயும் திறந்தவெளி அருங்காட்சியகம் உண்டு. ஜி.பி.எஸ்ஸில் பெயரை மட்டும் தட்டினால் தவறான மலைக்குக் கொண்டுபோய்விடும். குக் என்ற பெயரிலும் இரண்டு மலைகள். நாம் போக வேண்டியது 1243 மீட்டர் குக்.

முதல் நிறுத்தம் கொலோவ்ராட் திறந்தவெளி அருங்காட்சியகம், 1114 மீட்டர் குன்று. இத்தாலியரின் மூன்றாம் தற்காப்பு வரிசை இங்கே ஓடியது. சீரமைத்த பதுங்குகுழிகள், பீரங்கி மேடைகள், பாறையைக் குடைந்த குகைகள், கண்காணிப்பு அறைகள் எல்லாம் உள்ளன. நுழைவுக் கட்டணம் இல்லை. குகைகளுக்குள் விளக்கு இல்லை. செல்போன் வெளிச்சம் போதாது, தலையில் மாட்டும் டார்ச் வேண்டும். கூரை தாழ்வு, தரை ஈரம்.

பள்ளத்தாக்கைப் பார்த்த பதுங்குகுழியில் நின்று வடக்கே எட்டிப் பாருங்கள். தொலைவில் சோச்சா ஆறு தெளிவாகத் தெரியும். ஆனால் உங்கள் காலடிக்குக் கீழே சரிவு திடீரென வளைந்து இறங்குவதால், முள்கம்பி வேலி இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே யார் வந்தாலும் தெரியாது. நெடுந்தூரம் சுட நல்ல இடம், அருகே வருபவனைத் தடுக்க மோசமான இடம். ரோம்மெல்லின் இரண்டு நாள் வெற்றிக்கு விளக்கம் பெரும்பாலும் இந்தச் சரிவிலேயே இருக்கிறது.

1917 அக்டோபர் 24 அதிகாலை 2 மணிக்கு நச்சுவாயுக் குண்டுகளோடு தாக்குதல் தொடங்கியது. காலை 8 மணிக்குக் காலாட்படை நகர்ந்தது. அன்று மாலையே 1114 குன்றின் உச்சியைப் பிடித்தவர் ரோம்மெல் அல்ல. பவேரிய லைப் ரெஜிமென்ட்டின் (அரச காவல் காலாட்படை) ஃபெர்டினாண்ட் ஷோர்னர் என்ற லெப்டினன்ட். பின்னாளில் ஹிட்லர் உருவாக்கிய கடைசி ஃபீல்ட் மார்ஷல்களில் அவரும் ஒருவர். மற்ற இத்தாலிய நிலைகள் விழவில்லை, தாக்குதல் அங்கே முட்டி நின்றது. பவேரியத் தளபதி வூர்ட்டம்பெர்க் வீரர்களைத் தனக்குக் கீழே வைத்துக்கொள்ளப் பார்த்தார். ரோம்மெல் தன் மேலதிகாரி மேஜர் ஸ்ப்ரோஸரிடம் பேசி, இரண்டு துப்பாக்கிக் கம்பெனிகளோடும் ஓர் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனியோடும் மேற்கே தனியாகப் போக அனுமதி வாங்கினார்.

25-ஆம் தேதி விடியலில் அவர்கள் நகர்ந்தது முகட்டின் மேல் அல்ல; வடக்குச் சரிவில், வேலிக்குக் கீழே, நீங்கள் இப்போது எட்டிப் பார்த்த அதே மறைவில். ஓர் உளவு அணி ஓர் இடத்தில் ஒரு குண்டு கூடச் சுடாமல் உள்ளே புகுந்தது. அந்த ஓட்டை வழியாக எல்லோரும் நுழைந்து இருபுறமும் பரவினார்கள். எதிர்த் தாக்குதலுக்கு வந்த இத்தாலியப் பட்டாலியன், உள்ளே சிக்கிய ஒரு கம்பெனியை நசுக்கும் நேரத்தில் ரோம்மெல் பக்கவாட்டில் பாய்ந்தார். 12 அதிகாரிகள், 500 பேர் சரண்.

அடுத்து குக். அதை நேரே தாக்கி நாளை வீணாக்காமல், இத்தாலியரே தெற்குச் சரிவில் வெட்டி, மேலே மறைப்புக் கட்டிவைத்த சாலையைப் பிடித்துக்கொண்டு லிவெக்குக்குப் பின்னால் இறங்கினார். குக்கில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் தோட்டாவும் வர வேண்டிய வழி அது. லிவெக்கிலிருந்து இத்தாலியப் பக்கத்து ஊரான சவோஞ்ஞா போகும் பள்ளத்தாக்குச் சாலையை மறித்ததும், பின்வாங்கிய 4-ஆவது பெர்சாலியேரி (இத்தாலிய விரைவுக் காலாட்படை) பிரிகேட் வந்து சிக்கியது: 50 அதிகாரிகள், 2,000 பேர்.

லிவெக் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொலோவ்ராட்டில் தண்ணீர் கிடைப்பதை எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு 2 லிட்டராவது எடுத்துப் போய் இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். மதியம் தாண்டி இங்கே வந்து சேர்ந்தால் அன்று மத்தயூரை விட்டுவிடுவது நல்லது. இன்னும் ஏறத்தாழ 950 மீட்டர் ஏற்றம், நடை மூன்று மணி நேரம். கோடையில் பிற்பகல் இடி மின்னல் சீக்கிரம் கூடும், மேலே மரம் கிடையாது, வெறும் புல்மேடு.

மேலே போகும் வழியில் யெவ்ஷ்செக் என்ற சிற்றூர். 26-ஆம் தேதி விடிவதற்குள் அதன் வழியே ஊடுருவியதில் மேலும் 37 அதிகாரிகள், 1,600 பேர் பிடிபட்டார்கள். பிறகு மிர்ஸ்லி. அங்கே இத்தாலியரின் சலேர்னோ பிரிகேட்டின் ஒரு ரெஜிமென்ட் கூட்டமாக நின்றுகொண்டிருந்தது. ரோம்மெல் கைக்குட்டையை ஆட்டியபடி தனியே முன்னால் நடந்தார். 1,500 பேர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. கீழே வந்து குவிந்த ஆயிரக்கணக்கான கைதிகளைப் பார்த்த ஸ்ப்ரோஸர், மத்தயூர் விழுந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். பட்டாலியனில் பெரும்பகுதி திரும்பிப் போய்விட்டது. கையில் மிஞ்சியது சுமார் 100 துப்பாக்கி வீரர்களும் 6 கனரக இயந்திரத் துப்பாக்கிகளும். மேலதிகாரிக்கு நிலவரம் தெரியாது என்று முடிவுசெய்து, உத்தரவை மீறி மேலே போனார். காலை 11.40-க்கு உச்சி. உச்சி பிடிபட்டதற்கு அடையாளமாக மூன்று பச்சை, ஒரு வெள்ளை ஒளிக்குண்டு வானில் போயின. 52 மணி நேரத்தில் பிடிபட்டது 150 அதிகாரிகள், 9,000 வீரர்கள், 81 பீரங்கிகள். தன் தரப்பில் 6 பேர் சாவு, 30 பேர் காயம்.

இந்த எண்களில் பெரும்பாலானவை 1937-இல் அவரே எழுதிய நூலில் உள்ளவை, அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சலேர்னோ வீரர்கள் கோழைகள் என்று எழுதுவது அநியாயம். கீழே பள்ளத்தாக்குச் சாலை வழியாக ஜெர்மனியின் சிலேசியப் படைப்பிரிவு ஒன்று 24-ஆம் தேதி பிற்பகலிலேயே கோபரிட்டை அடைந்துவிட்டது. மேலே இருந்தவர்களுக்குத் தகவல் இல்லை, தொடர்பு அறுந்திருந்தது, பின்னாலும் எதிரி. ரோம்மெல் ஏறக்குறைய உடைந்துவிட்ட ஒரு தற்காப்பின் மேல் மிக வேகமாக ஓடினார். அந்த வேகம் அவருடையது, உடைப்பு முழுவதும் அவருடையதல்ல.

பதக்கக் கதை இன்னும் வேடிக்கை. மத்தயூரை முதலில் பிடிப்பவருக்கு பூர் ல மெரீட் என்று ஜெர்மன் 14-ஆவது படையின் தளபதி ஒட்டோ ஃபான் பெலோ அறிவித்திருந்தார். வால்தர் ஷ்னீபர் என்ற சிலேசிய லெப்டினன்ட் அதே மலைத்தொகுதியின் கொலோன்னா முனையைப் பிடித்துவிட்டு மத்தயூர் என்று அறிவிக்க, பதக்கம் அவருக்குப் போய்விட்டது. கோபரிட் பக்கமிருந்து பார்க்கும்போது முன்னால் துருத்தும் முனைகள் பின்னாலுள்ள உச்சியை மறைத்துவிடும். நடப்பவர்களும் இன்று அதேபோல உச்சி வந்துவிட்டதென்று ஏமாறுகிறார்கள். ரோம்மெல் விடாமல் முறையிட்டார். நவம்பர் 10-இல் லொங்கரோனே ஊரைப் பிடித்து இன்னும் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறைப்படுத்திய பிறகே அவருக்கும் ஸ்ப்ரோஸருக்கும் பதக்கம் வந்தது.

1,642 மீட்டர் உச்சியில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. தெளிவான நாளில் வடக்கே கிர்ன் மலை, தெற்கே அட்ரியாட்டிக் கடல் வரை தெரியும். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். இரு நாடுகளும் எல்லைச் சோதனையில்லாத ஷெங்கன் பகுதிதான் என்றாலும் இத்தாலி 2023 அக்டோபர் முதல் இந்த எல்லையில் சோதனை நடத்துகிறது. பாதையோரம் துருப்பிடித்த உலோகம் கண்டால் தொடாதீர்கள், வெடிக்காத குண்டுகள் நூறாண்டுக்குப் பின்னும் கிடைக்கின்றன. புல்லில் உண்ணிகள் அதிகம். மூளைக்காய்ச்சல் பரப்பும் வகை. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, இரவில் உடம்பைச் சோதியுங்கள்.

இறங்க இரண்டு வழி. கார் லிவெக்கில் இருந்தால் வந்த வழியே திரும்பலாம், முழங்காலுக்கு ஊன்றுகோல் வேண்டும். யாராவது காரோடு வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்றால் இத்தாலியப் பக்கம் பெலிட்ஸோ விடுதிக்கு இறங்குவது எளிது. உச்சியிலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல்தான் இறக்கம், அங்கிருந்து சவோஞ்ஞாவுக்கு வளைந்து வளைந்து தார்ச்சாலை. கொலோவ்ராட்டில் காரை விட்டவர்கள் இந்தப் பக்கம் இறங்கிவிடாதீர்கள். மாலையில் எல்லையைச் சுற்றிக்கொண்டு கார் இருக்கும் இடத்துக்குத் திரும்ப டாக்சி கிடைப்பது கடினம்.