இதுவுமா என்று கேட்டார்

மொரிஷியசின் ரோஸ் ஹில்லில் தனியாக இருக்கும் தாந்தீன், அதாவது அத்தை, "சா ஓசி?" என்று கிரியோல் மொழியில் கேட்டார். இதுவுமா? கையில் ஒரு கொத்து மணத்தக்காளி இருந்தது. "வி, சா ஓசி" என்றேன். ஆமாம், அதுவும்தான். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. குனிந்து ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி, நான் விரித்துப் பிடித்திருந்த பைக்குள் போட்டார். பதினொரு செடிகள். படிவத்தில் எழுதிக்கொண்டதால் எண்ணிக்கை மறக்கவில்லை.

நான் சொன்னது தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்லும் வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அன்று அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பாத்தியில் தக்காளிக்கு வாடல் வந்திருந்தது. பூஞ்சை வாடல் இல்லை, பாக்டீரியா வாடல். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். பூஞ்சையாக இருந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும், செடி மெல்ல மெல்லச் சாகும். இது அப்படியில்லை. இலை பச்சையாக இருக்கும்போதே நண்பகலில் நுனி தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். வெயில்தான் காரணம் என்று தண்ணீர் கூட ஊற்றுவோம். இரண்டு மூன்று நாள் இப்படி ஏமாற்றிவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் நிமிராது. அவ்வளவுதான். உறுதிப்படுத்திக்கொள்ள, தண்டை அடியிலிருந்து ஒரு சாண் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் முங்கும்படி பிடிக்க வேண்டும். அசைக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா, இந்த வாடலை உண்டாக்கும் பாக்டீரியா. தம்ளரைக் கொடுத்தவரும் அவர்தான். "பால் மாதிரி இறங்குதே" என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

இதற்கு மருந்து கிடையாது. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துப் பையில் கட்ட வேண்டும். எருக்குழியில் போடவே கூடாது. மண்வெட்டியை முதலில் மண் போகக் கழுவி, அதன் பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பாத்தியில் குறைந்தது மூன்று ஆண்டுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வைக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக் களைகளையும் விட்டுவைக்கக் கூடாது. அந்தக் களைகளில் முதலாவது மணத்தக்காளி. அது வாடாமல் பசேலென்று நின்றபடியே வேரில் கிருமியை வைத்திருக்கும். அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் கிருமியும் ஓடும். அதனால்தான் "அதுவும்" என்றேன்.

தக்காளி அந்தப் பாத்திக்கு எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு நிம்மதி இல்லை.

நான் முதன்முதலில் போனபோது அங்கே தக்காளியே கிடையாது. நான்கு மீட்டர் நீளம், ஒன்றே கால் மீட்டர் அகலத்துக்குச் சற்றுக் குறைவான பாத்தி. இரண்டு கத்தரிச் செடி, ஓரமாக ஒரு வரிசை கொத்தொமிலி (கொத்தமல்லி), மீதி இடமெல்லாம் தானாக விழுந்து முளைத்த மணத்தக்காளி. நம் ஊரில் சொல்கிற ப்ரேட் மார்த்தேன். அதைச் சுற்றித்தான் அவர் களை கொத்துவார். பின் மூலையில் முருங்கை, சமையலறை வாசலில் கரிபுலே என்கிற கறிவேப்பிலை. ரோஸ் ஹில்லில் கொல்லைப்புறம் உள்ள எந்தத் தமிழ் வீட்டிலும் காணக்கூடியதுதான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று நான் படிவம் நிரப்ப, அவர் வெளியே வந்து நுனிக் கொழுந்தாக இரண்டு கையளவு கிள்ளினார். காய் பிடித்த செடியைத் தொடவில்லை. முதிர்ந்ததில் கசப்பு கூடிவிடும் என்பதை நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு வெங்காயம் அரிந்து, மூன்று பல் பூண்டும் சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியும் கல்லில் நசுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில் வாசம் வரும் வரை மட்டும் வதக்கினார். சிவக்க விடவில்லை. சிவந்தால் பூயோன், அதாவது கீரைச் சாறு, கலங்கிவிடும். இரண்டரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றி, அது தளதளவென்று கொதித்த பிறகே கீரையைப் போட்டார். மூடவில்லை. மூடினால் ஆவியோடு போக வேண்டிய புளிப்பு உள்ளேயே தங்கிக் கீரை பழுப்பாகிவிடும். நான்கு நிமிடம், கடைசியில் உப்பு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று. சோறு, பூயோன், முந்தின நாள் மீந்த பயறு, ஒரு துண்டு கருவாடு பொரித்தது. அதுதான் அவருடைய ராச்சாப்பாடு. கிள்ளுவதில் தொடங்கித் தட்டு வைப்பது வரை அரைமணிகூட ஆகவில்லை. அந்த அரைமணியில் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. இதை இப்போது எழுதுகிறேன். அன்று படிவத்தில் நான் எழுதியது: "உற்பத்தி குறைவு. இடம் வீணாகிறது."

அப்படி எழுதியதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கை இங்கே யாரும் மறக்கவில்லை. கடைகள் முற்றாக அடைபட்டன. திறந்த பிறகும் குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் உள்ளே விட்டார்கள். அரிசி, மாவு, பருப்பு எல்லாம் கப்பலில் வரும் நாடு இது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்தன. எந்தப் புயலுக்குப் பிறகும் சந்தையில் முதலில் காணாமல் போவது கீரையும் காயும்தான். ஒவ்வொரு கொல்லையிலும் இன்னும் கொஞ்சம் விளைய வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது வீண் பேச்சில்லை. இன்றும் அதை நம்புகிறேன்.

நம்பிச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவையும் யார் சாப்பிடுறது, மோ கார்சோன் (என் பையா)?" நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அக்கம்பக்கம் கொடுக்கலாம் தாந்தீன், மீதியை விற்கலாம்" என்றேன். தனியாக இருக்கும் ஒருவருக்குப் பதினாறு தக்காளி! இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, செடிக்குச் செடி அரை மீட்டர். மூங்கில் ஊன்றி, கரும்புச் சோகையை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டோம். கணக்கு அழகாக அமைந்தது. அந்த அழகில் மயங்கியது நான்தான்.

நட்டது அக்டோபரில். அது தவறென்று அப்போதே தெரியும். இந்தக் கிருமிக்கு இருபத்தைந்து டிகிரிக்கு மேல் மண் சூடேறினால் கொண்டாட்டம். இங்கே குளிர்காலமான ஜூனில் நட்டிருந்தால் அது அடங்கிக் கிடந்திருக்கும். இலைக்கருகல் வந்திருக்கலாம், அதற்காவது தெளிக்க மருந்து உண்டு. ஆனால் நாற்று வந்து சேர்ந்தது அக்டோபரில். வந்த நாற்றைத் தட்டிலேயே வாட விடுவதா என்று நட்டோம்.

இரண்டாவது முறை போனபோது முதல் பழங்கள் சிவந்திருந்தன. பக்கக் கிளை கிள்ளுவது, கட்டுவது, காலையில் தண்ணீர் என்று அவர் கைகளில் தக்காளி இலையின் பச்சைக் கறை ஏறியிருந்தது. பெரிய தேக்சாவில் ருகாய் என்கிற தக்காளிக் குழம்புக்கு அரைத்து, பைகளில் கட்டி ஃப்ரீசரில் அடுக்கிக்கொண்டிருந்தார். மணி ஆறு. அடுப்பில் பூயோன் இல்லை. "இன்னைக்கு ரொட்டி வாங்கிக்குவேன்" என்றார். நான் படிவத்தில் "மிக நன்று" என்று எழுதினேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் அடைமழை. வெயில் அடித்ததும் நான்கு செடிகள் தொங்கின. பிறகு ஒன்பது. பிறகு அந்த இரண்டு கத்தரியும்.

கிருமி முன்பே அங்கே இருந்திருக்கலாம். அதற்கு முந்தின ஆண்டு ஒரு கத்தரிச் செடி நின்றபடியே செத்தது என்றும், வேரைப் புழு கடித்தது என்று நினைத்ததாகவும் அவரே சொன்னார். அப்படியானால் நான் கொண்டுவரவில்லை. ஆனால் நாற்றோடும் வந்திருக்கலாம். நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத நாற்று உண்டு. இரண்டில் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் அவ்வப்போது முதலாவதைப் பிடித்துக்கொள்கிறேன். பிடித்த கையோடு இன்னொன்று வந்து நிற்கிறது: முன்பே இருந்தது என்றால், அத்தனை காலமும் அது ஏன் அடங்கி இருந்தது? இரண்டு கத்தரி, ஓரமாகக் கொத்தொமிலி, அதிகம் கிளறாத மண். ஒரு செடி போனால் அதோடு நின்றது. நாங்கள் அதே மண்ணில் பதினாறு செடியைத் தோளோடு தோள் நிறுத்தி, ஒவ்வொன்றின் வேரையும் கிழித்துக்கொண்டு மூங்கில் இறக்கினோம். கிருமி நுழைவது பெரும்பாலும் வேரில் பட்ட காயத்தின் வழியாகத்தான். மூங்கிலை நாற்று நடும் முன்பே ஊன்றியிருக்க வேண்டும். இந்த ஒன்றையாவது இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் கம்பு, பிறகு நாற்று.

பிடுங்கிய பாத்தியில் மக்காச்சோளமும் பீன்சும் தண்டுக்கீரையும் போடச் சொன்னேன். மூன்றும் இந்த நோய்க்கு எளிதில் ஆட்படாதவை. தண்டுக்கீரை, அதாவது ப்ரேட் மால்பார், விதையை மணலோடு கலந்து மெல்லத் தூவினால் நான்கு வாரத்தில் அறுக்கலாம். நன்றாகவே வந்தது. அதிலும் பூயோன் வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சாப்பிடலாம். நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, "கசக்கலை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அவ்வளவுதான். முருங்கை இருக்கிறதே என்றேன். இருந்தது. முருங்கை உருவ நேரமாகும். இரவே துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும், ஆனால் அது நாளைய சமையலை இன்றே நினைப்பது. அவருடைய பழக்கம் சோறு கொதிக்கும்போது வெளியே வந்து கிள்ளுவது.

எங்கள் படிவத்தில் இரண்டு பத்தி உண்டு: பயிர், களை. முதல் நாளே மணத்தக்காளியைக் களை என்ற பத்தியில் எழுதியது நான். அங்கே எழுதியதால்தான் பிறகு "அதுவும்" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், எந்தப் பத்தியில் எழுதியிருந்தாலும் அந்தச் செடி அந்த மண்ணில் இருக்கக் கூடாதுதானே என்றும் தோன்றுகிறது. இரண்டாவதுதான் சரியான வாதம். ஆனாலும் "அந்த மண்ணில்" என்ற சொல்லை நான் அன்று சொல்லவில்லை. வேறு மண்ணில் வைக்கலாம் என்று சொல்ல எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். பதினைந்து லிட்டர் வாளி, பெயின்ட் வாளி வேண்டாம், ஊறுகாயோ எண்ணெயோ வந்தது போதும். அடியில் சுண்டுவிரல் பருமனில் ஐந்து ஓட்டை. கொல்லை மண் ஒரு பிடிகூடச் சேர்க்காமல், கடையில் வாங்கிய மக்கு உரம் இரண்டு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. பாத்தித் தண்ணீர் தெறிக்காத இடத்தில், இரண்டு சிமெண்டுக் கல்லின் மேல் வைக்க வேண்டும். அதற்குத் தனிக் கரண்டி. விதையை நோயில்லாத வேறு தோட்டத்திலிருந்து எடுக்கலாம். கறுத்துப் பழுத்த பழம் இரண்டைத் தண்ணீரில் பிசைந்தால் விதை அடியில் தங்கும், அதைக் காகிதத்தில் நிழலில் உலர்த்தினால் போதும். மேலாகத் தூவி, மண்ணைத் தூளாக மேலே உதிர்க்க வேண்டும். ஆழம் போனால் முளைக்காது. வாளிக்கு மூன்று செடி. ஒரு சாண் வந்ததும் நுனி கிள்ள வேண்டும். ஒரு நுனி போன இடத்தில் இரண்டு வரும். மூன்று வாளி இருந்தால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பூயோன் ஆகும். கத்தரிக்கு ஆசைப்பட்டால் சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டிய கன்று உண்டு. சுண்டை வேர் இந்த நோயைத் தாங்கும்.

போன மாதம் வாளியும் விதையும் எடுத்துப் போனேன். பாத்தியை விட்டு விலகி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இடம் பார்த்து வைத்தோம். எப்போது தண்ணீர் ஊற்ற என்று கேட்டார். காலையில் என்றேன். "சாயங்காலம் ஊத்துறேனே, அடுப்பு வெச்சிட்டு வெளியே வர்ற நேரம்" என்றார்.

சரி தாந்தீன், இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள் என்றேன். சாயங்கால ஈரத்துக்கு குர்பா வரும். அந்தப் பெரிய நத்தை ஒன்று போதும், ஒரே இரவில் மூன்று வாளி நாற்றையும் தின்று தீர்க்கும். அது தெரிந்தும், அன்று அவரிடம் சொல்லவில்லை.